சாடிக்குள் மஞ்சள் முட்டை, வெள்ளைப் புழு, குட்டிப் பாம்பு: மண்ணைக் கொட்டிவிடலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் யாழ்ப்பாணம் கொண்டாவிலில் இருக்கிறோம். விறாந்தையிலும் முற்றத்திலுமாக முப்பது பூச்சாடிக்கு மேல் வைத்திருக்கிறேன். ஆவணியில் ஒரு கடையில் நாலு மூட்டை சாடிக் கலவை வாங்கி, தெரிந்த ஒருவரிடம் வாங்கிய மாட்டெருவையும் கலந்து நிரப்பினேன். அந்தூரியம் மூன்றும் சாடியோடேயே வாங்கியவை. மழை தொடங்கிய பிறகு சிலதைச் சாடி மாற்றலாம் என்று கொட்டினால் உள்ளே இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். மஞ்சள் நிறத்தில் உருண்டை உருண்டையாக முட்டை, நசித்தால் தண்ணீர் தெறிக்கிறது. வெள்ளைத் துணிக்கைகள். சில சாடிகளில் வெள்ளைப் பூஞ்சணமும் மஞ்சள் குடைக்காளானும். ஒரு சாடியின் அடியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள். இன்னொன்றில் கறுப்பாக மினுங்கும் புழு. மாமி அதைப் பாம்பு என்கிறா, காதுக்குள் போய்விடுமாம். மண்ணெண்ணெய் ஊற்று, இல்லாவிட்டால் உப்புப் போடு என்கிறா. இவர் எல்லா மண்ணையும் ஒழுங்கை முடிவில் இருக்கிற தோட்டக் காணிப் பக்கம் கொட்டிவிடுவோம் என்கிறார். மகனுக்கு நாலு வயது, எந்த நேரமும் மண்ணுக்குள்தான். மாமிக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. என்ன செய்வது? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தங்கச்சி, மண்ணெண்ணெய்ப் போத்தலை முதலில் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். உப்பும் அடுப்படிக்கே போகட்டும். அவரிடமும் சொல்லுங்கள், ஒழுங்கை முடிவில் இருக்கிற தோட்டக் காணிப் பக்கம் அந்த மண்ணைக் கொட்டவே கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் படங்களில் உண்மையிலேயே என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று, அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

உங்களைப் பயப்படுத்தியவற்றில் இருந்தே தொடங்குவோம்.

அந்த மஞ்சள் உருண்டை முட்டை இல்லை, பசளை. யூரியா மாதிரி உடனே கரைந்து ஓடாமல் மெல்ல மெல்ல வெளியே கசிவதற்காக, பசளை மணியைச் சுற்றி ஒரு மெல்லிய பிசின் கோது பூசியிருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோதுக்குள் ஆவியாக நுழைந்து உள்ளே இருக்கிற பசளையைக் கரைக்கும், கரைந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். எல்லாம் கசிந்து முடிந்த பிறகும் கோது உடையாமல் அப்படியே கிடக்கும், உள்ளே வெறும் தண்ணீர். நீங்கள் நசித்தபோது தெறித்தது அந்தத் தண்ணீர்தான். நாற்றுமேடைக்காரர் அந்தூரியம், ஓர்க்கிட் வகைகளைச் சாடியில் வைக்கும்போதே இதைக் கலந்துவிடுவார்கள், அதனால் அந்த மூன்று சாடியிலும்தான் உங்களுக்கு இது கூடுதலாகத் தெரிந்திருக்கும். பெட்டியில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும் அது குளிரான இடத்துக் கணக்கு. சூடு கூடக் கூடக் கசிவு வேகமாகும், நம்முடைய வெயிலுக்கு அவ்வளவு காலம் நிற்காது.

இதில் நான் உங்களைச் சிரிக்கவே முடியாது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் இதே உருண்டையைக் காட்டிக் கேட்டார்கள். நான் பெரிய ஆள் மாதிரி நத்தை முட்டை என்று சொல்லி, உப்புத் தூவச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு கிழமையில் அந்த அம்மாவின் ரோசா மூன்றும் பட்டுப்போய்விட்டது. பட்டது உப்பால். அதற்குப் பிறகு எதையும் பார்த்தவுடன் பெயர் சொல்லுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன். நசித்துப் பார், தண்ணீரில் போட்டுப் பார், ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பார், ஒரு போத்தலில் போட்டு நாலு நாள் வைத்துப் பார், பிறகு பேசு.

சரி, உண்மையான நத்தை முட்டை எப்படி இருக்கும்? மாரி தொடங்கினால் நம்முடைய மதில்களில் ஏறுகிற அந்தப் பெரிய நத்தை, கிழக்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது, 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குள் வந்தது. அது மண்ணுக்குள் ஒரு சின்னக் குழியில் நூறு, இருநூறு என்று ஒரே குவியலாக முட்டை போடும். முட்டை நாலைந்து மில்லிமீற்றர் இருக்கும், பால் வெள்ளையோ வெளிறிய மஞ்சளோ, வெளிக்கோது சுண்ணாம்பு. பசளை மணி அப்படிக் குவியலாக இருக்காது, மண் முழுக்கச் சிதறிக் கிடக்கும். இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு உருண்டையை ஒரு தட்டில் வைத்து வினாகிரி விடுங்கள். சுண்ணாம்புக் கோது என்றால் நுரைக்கும், பசளைக் கோது சும்மா கிடக்கும். முட்டை என்று தெரிந்தால் அப்படியே கிள்ளி எடுத்துக் கொதிநீரில் போடுங்கள், ஆனால் நத்தையையும் முட்டையையும் வெறுங்கையால் தொட வேண்டாம், மகன் தொட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள். அந்த நத்தை எலியிடம் இருந்து வாங்கிய ஒரு புழுவைக் காவித் திரியும், அது மனிதருக்குள் போனால் மூளைக் கவசத்தில் அழற்சி வரலாம். விளையாட்டு இல்லை.

இதே அளவில் எலுமிச்சம்பழ வடிவத்தில், இரண்டு முனையும் கூராக, வெளிறிய மண்ணிறத்தில் ஒன்றிரண்டு கண்டால் அது மண்புழுவின் கூடு. அதை நசிக்காதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.

வெள்ளைத் துணிக்கை. படத்தில் மட்டும் பார்த்தால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். விரலால் நசிக்கும்போது மொறுமொறு என்று பொடியாகி, தண்ணீரில் மிதந்தால் பேர்லைற். எரிமலைக் கண்ணாடிப் பாறையை 850, 900 பாகையில் சூடாக்கினால் சோளப்பொரி மாதிரிப் பொரிந்து வருகிற பொருள் அது, மண்ணில் காற்றோட்டத்துக்காகப் போடுவது. நசித்தால் அமுங்கித் திரும்ப எழும்பினால் ரிஜிபோம். பேர்லைற் விலை என்பதால் மலிவுக் கலவையில் சிலர் அதைப் பொடியாக்கிப் போடுகிறார்கள், செடிக்குக் கேடில்லை, ஆனால் காசு கொடுத்துக் குப்பை வாங்கியிருக்கிறீர்கள். தண்ணீரில் தாழ்ந்து, வினாகிரிக்கு நுரைத்தால் அது ஊரியோ சிப்பித் துண்டோ சுண்ணக்கல்லோ, அதாவது கலவைக்குக் கரையோர மணல் போட்டிருக்கிறார்கள். அந்த மணலைக் கழுவாமல் போட்டிருந்தால் உப்பும் கூட வந்திருக்கும். அப்படியான சாடிகளுக்கு, மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து அடியால் நன்றாக வடியும்வரை இரண்டு மூன்று தரம் ஊற்றுங்கள். கார்த்திகை மாதம் அதற்குக் கடவுள் தந்த மாதம். பொன்னிறத்தில் மைக்கா மாதிரி அடுக்கடுக்காய் மினுங்குகிறது ஏதும் இருந்தால் அது வேர்மிக்கியூலைற், விட்டுவிடுங்கள்.

நாலாவது படத்தில், ரோசாச் சாடியின் மேல்மண்ணிலும் சாடி விளிம்பிலும் படிந்திருக்கிற வெள்ளையை நீங்கள் பூஞ்சணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பூஞ்சணம் இல்லை, உங்கள் கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. நாங்கள் சுண்ணக்கல்லுக்கு மேலேதான் குடியிருக்கிறோம், வருடம் முழுக்க அந்தத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் ஆவியாகும், கல்லு மிஞ்சும். மேலே ஒரு அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாய்ப் போட்டால் போதும்.

மற்றச் சாடிகளில் உள்ள வெள்ளை நூல் உண்மையான பூஞ்சணம்தான், தும்புத்தூளையும் பாதி உக்கின மரத்தூளையும் தின்கிற வகை. அதன் பூதான் அந்த மஞ்சள் குடைக்காளான். உலகம் முழுக்கப் பூச்சாடிக்குள் முளைக்கிற காளான் இது. இதன் இன்றைய அறிவியல் பெயருக்கு அடிப்படையான பெயரை 1839இல் வைத்ததே பிராக் நகரத்தில் ஒரு கண்ணாடி வீட்டுக்குள் அன்னாசிகளுக்கு நடுவில் முளைத்ததைப் பார்த்துத்தான், குளிர் நாட்டுக்காரருக்கும் இது சாடியோடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. செடிக்கு ஒன்றும் செய்யாது. காலையில் குடை விரித்து நிற்கும், மத்தியானத்துக்குள் வாடிவிடும். ஆனால் தின்னக்கூடாது, தின்றால் வயிற்றைப் பிரட்டும். மாரியில் புற்றடிக் காளானைக் கறி வைத்துத் தின்கிற ஊர் நாங்கள், பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆகையால் முளைத்த உடனே கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். கை பட்டால் ஒன்றும் இல்லை, கழுவினால் சரி. அடியில் நூல் இருக்கும்வரை திரும்பத் திரும்ப முளைக்கும், அதற்காகப் பூஞ்சண மருந்து வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

படத்தில் இல்லாவிட்டாலும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்தால் அடுத்த கடிதம் வரும்: சின்னஞ்சிறு சிரட்டைகள் மாதிரி, உள்ளே நாலைந்து தட்டையான விதை வைத்தது மாதிரி மண்ணில் முளைத்திருக்கும். அதுவும் காளான்தான். மழைத்துளி விழும் வேகத்தில் அந்த விதைகள் எகிறிப் போய் விழுந்து பரவும். எனக்கு மிகவும் பிடித்த காளான் அது.

இனி வெள்ளைப் புழு. இதில் நீங்கள் பயந்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மண்ணிறத் தலை, மூன்று சோடிக் கால், அரைவட்டமாய்ச் சுருண்ட கொழுத்த உடம்பு, இது ஏதோ ஒரு வண்டின் புழு. எந்த வண்டு என்பதில்தான் விஷயம். படத்தில் சுருண்டு கிடப்பதால் என்னால் சொல்ல முடியாது, நீங்களே பார்க்கலாம். ஒரு புழுவைச் சீமெந்துத் தரையில் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அது மல்லாக்கத் திரும்பி, கால்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு முதுகாலேயே ஊர்ந்து போனால் பூவண்டின் புழு. உக்கலைத் தின்று நல்ல எருவாக்குகிற பிராணி, எருக்குப்பைக்குள் திரும்ப விட்டுவிடுங்கள். இந்த முதுகு நடையைப் பார்க்க மகனையும் கூப்பிடுங்கள், அவனுக்கு ஒரு பின்னேரம் போய்விடும்.

அப்படிப் போகாமல் பக்கவாட்டில் சுருண்டே கிடந்தால், அதிலும் பெருவிரல் பருமனில் இருந்தால், அது காண்டாமிருக வண்டின் புழு. கொம்பு வைத்த கறுப்பு வண்டு, லைற் வெளிச்சத்துக்கு வந்து சுவரில் மோதுமே, அதுதான். புழுவாக இருக்கும்போது உக்கின எருவைத்தான் தின்னும், சாடிச் செடியை ஒன்றும் செய்யாது. ஆனால் மாதக்கணக்கில் தின்று வளர்ந்து வண்டாக வெளியே வந்ததும் தென்னங் குருத்தைத் துளைக்கும். விரியாத ஓலையை அது உள்ளே வைத்துத் தின்பதால், ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருக்கும். உங்கள் வளவில் தென்னை நிற்கிறதா? மேலே பாருங்கள், வெட்டின ஓலை தெரிந்தால் வண்டு ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பனையையும் விடாது. இந்தப் புழுவுக்கு மருந்தே வேண்டாம், பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடுங்கள். அது வந்தது மாட்டெருவோடுதான். நன்றாக உக்காத எருவைக் கும்பியாக மாதக்கணக்கில் கிளறாமல் விட்டால் வண்டு அங்கேதான் முட்டை போடும். எரு தந்தவரிடம் சொல்லி அவருடைய கும்பியையும் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். இனி எரு வாங்கினால் அரித்தெடுத்த பிறகு கலவுங்கள்.

கறுப்பாய் மினுங்குகிற சாமான் பாம்புதான். மாமி சொன்னது சரி. ஆனால் அதற்குக் காதுக்குள் போகிற அலுவல் கிடையாது. அது புழுப் பாம்பு, பென்சிலை விட மெல்லிசு, ஒரு சாண் நீளம்கூட வராது, கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி, தலை எது வால் எது என்று தெரியாது. மண்புழுவுக்கு உடம்பு வளையம் வளையமாய்ப் பிசுபிசுப்பாய் இருக்கும், இதற்கு வழவழவென்று காய்ந்த செதில். விஷம் இல்லை. அதன் வாய் உங்கள் தோலைக் கடிக்கும் அளவுக்குத் திறக்காது. எறும்பு முட்டையும் கறையான் குஞ்சும்தான் அதன் சாப்பாடு, அதனால்தான் சாடிக்குள் வந்திருக்கிறது. இன்னொரு புதினம், இந்தப் பாம்பில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், தானாகவே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒரே ஒரு பாம்பு ஒரு சாடி மண்ணோடு கப்பல் ஏறிப் போனால்கூடப் போய் இறங்கிய இடத்தில் ஒரு வம்சம் உண்டாகிவிடும், இப்படித்தான் உலகம் முழுக்கப் பரவி, வெளிநாட்டுக்காரர் இதைப் பூச்சாடிப் பாம்பு என்றே கூப்பிடுகிறார்கள். காது விஷயம் சிங்கள ஊர்களிலும் சொல்லுவார்கள், மாமி மட்டும் இல்லை. ஒரு பேணியில் எடுத்து வேலிக் கரையில் விட்டுவிடுங்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாக் குட்டிப் பாம்பையும் கையில் எடுக்கக் கூடாது. உடம்பில் வளையமோ, புள்ளியோ, சங்கிலி மாதிரிக் கோலமோ இருந்தால், தலை உடம்பை விட்டு வேறாகத் தெரிந்தால், விரியன், புடையன் குட்டியாக இருக்கலாம், குட்டிக்கும் விஷம் உண்டு. அவை சாடி மண்ணுக்குள் இருப்பது குறைவு, அடுக்கி வைத்த வெறும் சாடிகளுக்கு இடையில்தான் இருக்கும். மட்டத்தேளும் அங்கேதான். அதனால் சாடியைத் தூக்க முன் ஒரு தடியால் தட்டிவிட்டுத் தூக்குங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களை ஓட்டமாய்ச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றும்போது மண்ணில் துள்ளுகிற வெள்ளைப் பொடிப்பூச்சி ஒன்றும் செய்யாது. சாடியைச் சுற்றிப் பறக்கிற கறுப்புப் பொடி இலையான் தண்ணீர் கூடிப்போனதற்கு அடையாளம், மேல்மண் காயும்வரை ஊற்றாமல் விட்டால் குறையும். வேரில் பஞ்சு மாதிரி வெள்ளையாய் ஒட்டியிருந்து, கூடவே எறும்பும் ஓடித் திரிந்தால் அது வெண்மூட்டுப் பூச்சி. இதை விடக்கூடாது, அந்த மண்ணை உதறி எறிந்து வேரைக் கழுவிப் புதுக் கலவையில் வையுங்கள், எறும்பை நிறுத்தாவிட்டால் திரும்ப வரும். உங்கள் படங்களில் அது இல்லை.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது படம் காளானுக்காக எடுத்த படம். அதன் வலப்பக்க மூலையில் ஒரு மிளகாய்க் கன்று நிற்கிறது, பாதிதான் தெரிகிறது. மண் ஈரம், பக்கத்துச் செடிகள் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன, இது மட்டும் இலையெல்லாம் தொங்கிப்போய் நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால், தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் வெள்ளையாக விசிறி விரித்த மாதிரி ஒரு படை. நீங்கள் அதையும் காளான் நூல் என்று நினைத்து விட்டிருப்பீர்கள்.

போய் அந்தத் தண்டடியைக் குனிந்து பாருங்கள். வெள்ளைப் படைக்குள் கடுகு மாதிரி உருண்டைகள் இருக்கிறதா? புதியவை வெள்ளையாக இருக்கும், பழசாகப் பழசாக மண்ணிறமாகும், அளவும் நிறமும் அசல் கடுகுதான். இருந்தால் அது ஸ்கிளரோசியம் என்கிற பூஞ்சணம், அடித்தண்டு அழுகல் நோய். பசளை உருண்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பசளை இதைவிடப் பெரிது, மண் முழுக்கக் கிடக்கும், நசித்தால் தண்ணீர் வரும். கடுகு உருண்டை தண்டைச் சுற்றித்தான் கூடுதலாக இருக்கும், நசித்தால் கெட்டியாக இருக்கும். நீங்கள் அந்தூரியச் சாடியில் பார்த்துப் பயந்த உருண்டை செடிக்குச் சாப்பாடு, மிளகாயடியில் கிடக்கிற இந்தக் கடுகுதான் செடிக்கு யமன்.

இது நூற்றுக்கணக்கான பயிர்களைத் தாக்கும். மிளகாய், தக்காளி, கத்தரி, நிலக்கடலை, வெங்காயம், பயற்றை, ஒன்றையும் விடாது. சூடும் ஈரமும் சேர்ந்த நேரம்தான் இதற்குக் கொண்டாட்டம், மழைக்கு இடையில் இரண்டு நாள் நல்ல வெயில் எறிக்குமே, அந்த மாதிரி. பாதி உக்கின எருவும் சருகும் தண்டோடு முட்டிக் கிடந்தால் அதைத் தின்று பலம் எடுத்துக்கொண்டு உயிர்த் தண்டுக்குள் நுழையும். அந்தக் கடுகு உருண்டைதான் அதன் வித்து மாதிரி. செடி செத்த பிறகும் மேல்மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், காலில் ஒட்டும், மண்வெட்டியில் ஒட்டும், மழைவெள்ளத்தில் மிதந்து போகும். இப்போது விளங்கும், உங்கள் அவர் அந்த மண்ணை ஒழுங்கை முடிவில் கொட்டினால் என்ன நடக்கும் என்று. ஐப்பசி கார்த்திகை வெள்ளம் அந்தச் சாடி மண்ணைப் பக்கத்துத் தோட்டத்துக்குள் கொண்டுபோய்விடும். தை மாதம் அங்கே வெங்காயம் வைக்கிற மனிசன், தன் பாத்தியில் ஏன் திட்டுத்திட்டாய்ப் பழுத்து அழுகுகிறது என்று தெரியாமல் மருந்தடித்துக்கொண்டு இருப்பார்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மிளகாய்க் கன்றை இழுத்துப் பிடுங்க வேண்டாம், உருண்டைகள் உதிர்ந்துவிடும். தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மண்ணோடு சேர்த்துக் கரண்டியால் அள்ளி ஒரு உரபாக்குக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். செடியைக் காயவிட்டு எரிக்கலாம், கூட்டெருக் குழிக்குள் மட்டும் போகக் கூடாது, வீட்டுக் குழி உருண்டை சாகிற அளவுக்குச் சூடாகாது. சாடியில் மிஞ்சின மண் கொஞ்சம் என்றால் ஒரு பழைய பானையில் போட்டுக் கொதிநீரை நிறைய ஊற்றி மூடி ஆறவிடுங்கள், இரண்டு தரம். கூட என்றால் கட்டி வைத்துவிட்டுப் பங்குனி சித்திரை வெயில்வரை பொறுத்திருங்கள். அப்போது மண்ணை ஈரமாக்கி, சீமெந்து முற்றத்தில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவுகிற பொலித்தீனால் மூடி, ஓரங்களில் கல்லு வைத்து நாலு தொடக்கம் ஆறு கிழமை விடுங்கள். அந்த வெயிலில் பொலித்தீனுக்குக் கீழே 50 பாகையைத் தாண்டும், உருண்டை அவியும். இப்போது மாரியில் மூடி வைத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, சும்மா ஈரத்தைப் பாதுகாத்துக் கொடுத்ததாய் முடியும். சாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள், கரண்டியையும்தான். மற்ற மிளகாய், தக்காளிச் சாடிகளில் தண்டடியில் இருந்து எருவையும் சருகையும் மூன்று விரல் தள்ளி விலக்கி, காற்றுப் படவிடுங்கள். ட்ரைக்கோடெர்மா என்கிற நல்ல பூஞ்சணப் பொடி கிடைத்தால் மற்றச் சாடி மண்ணில் கலக்கலாம், அது வரவிடாமல் தடுக்கும், வந்த கன்றைக் காப்பாற்றாது. அடையாளம் உறுதியாகத் தெரியவேண்டும் என்றால் கட்டின பையோடேயே உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவசாயத் திணைக்களத்தாரிடம் கேளுங்கள்.

மாமியைப் பற்றி. சீனி வருத்தம் உள்ளவர்கள் மாரியில் வெறுங்காலோடு சேற்று மண்ணில் நிற்பதும், கையில் கீறலோடு மண் கிண்டுவதும் எனக்குப் பிடிக்காது. மெலியோய்டோசிஸ் என்று மண்ணில் இருந்து வருகிற ஒரு கிருமி நோய் இலங்கையில் இருக்கிறது, மழைகாலத்தில்தான் கூட, சீனி வருத்தக்காரரைத்தான் தேடிப் பிடிக்கும். விடாத காய்ச்சலோ ஆறாத கட்டியோ வந்தால் வைத்தியரிடம் மண்ணில் வேலை செய்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அவருக்கு அந்த நினைவு வராமல் போகலாம். றப்பர் கையுறையும் செருப்பும் வாங்கிக் கொடுங்கள். துருப்பிடித்த கம்பியோ கண்ணாடியோ குத்தினால் ஏற்பூசி (ரெற்ரனஸ் ஊசி) போடவேண்டும். மூட்டைக் கலவைக்குள் இப்போதெல்லாம் கண்ணாடித் துண்டும் பற்றரியும்கூட வருகிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்ட நேரம் ஆளாளுக்குக் கொம்போஸ்ற் மூட்டை கட்டி விற்கத் தொடங்கினார்கள், தடை போய்விட்டது, அரிக்காத மூட்டை போகவில்லை. கொட்டி அரித்துப் பார்க்காமல் பிள்ளையை அதற்குள் விளையாட விடாதீர்கள்.

உழவு இயந்திரத்தில் ஏற்றி வருகிற மண்ணுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டி இருக்கிறது. போர்க்காலத்து வெறும் குண்டுக் கோது என்றால் பலர் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் என்னவென்று தெரியாத உலோகச் சாமான் எதுவும் மண்ணுக்குள் தட்டுப்பட்டால், அங்கே மட்டும் நான் மேலே சொன்ன நசித்துப் பார்க்கிற, தண்ணீரில் போட்டுப் பார்க்கிற கதை ஒன்றும் வேண்டாம். கையை எடுத்துவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விலகி வந்து 119க்கு அழையுங்கள்.

மற்றபடி உங்கள் மண்ணில் பெரும்பகுதி நல்ல மண். அந்தூரியம் மூன்றையும் அப்படியே விடுங்கள், பசளைக் கோதைப் பொறுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். மிளகாய்க் கன்றை அள்ளியதும் அதன் தண்டடியை இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், வெளிச்சத்தில், கிட்ட வைத்து. இந்தமுறை அனுப்பிய ஏழும் நாலு முழம் தள்ளி நின்று எடுத்த படங்கள், அந்தப் பாம்புப் படத்தில் பாதிக்கு மேல் உங்கள் செருப்புத்தான் இருக்கிறது.